எழுதிய குறிப்பைத் திருத்தலாமா? கமிட் மெசேஜ் குறித்த ஓர் ஆய்வு

மலேசியச் சுகாதார அமைச்சு 2021 ஜூலையில் தன் கோவிட்-19 புள்ளிவிவரங்களைக் கிட்ஹப் தளத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்தது. 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஒரு வரி. ஜொகூரில் அன்று எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை ஸ்கூடாயில் படிக்கும் மாணவரும் பார்க்கலாம். மொத்தக் கோப்பையும் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். இத்தகைய களஞ்சியத்தில் புதிய எண்கள் சேரும் ஒவ்வொரு முறையும் அது ஒரு ‘கமிட்’ ஆகப் பதிவாகிறது. என்ன சேர்ந்தது, ஏன் மாறியது என்று சொல்லும் சிறு குறிப்பு ஒன்றும் அதனோடு பதிவாகிறது. அதுதான் கமிட் மெசேஜ்.

அப்படி ஒரு குறிப்பில் தேதி தவறாக விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் சரி, குறிப்பு மட்டும் பிழை. அதைத் திருத்தலாமா? திருத்தினால் பழைய வாசகம் என்ன ஆகும்? ஏற்கெனவே கோப்பை இறக்கி வைத்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் தோன்றி 50 ஆண்டுகள் கடந்துவிட்டன. இந்தக் கேள்விக்கு அவை சொல்லும் பதில்கள் இன்னமும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அந்தப் பதில்களை வரிசையாகப் பார்த்து, எதை ஏற்கலாம் என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். பிழை எவ்வளவு பெரியது என்பதைவிட, குறிப்பு யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதே முடிவைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இதன் வாதம்.

குறிப்பின் பயனும் பிழையின் வகைகளும்

எந்த வரி மாறியது என்பதை நிரலே காட்டிவிடும். ஏன் மாறியது என்பது குறிப்பில் மட்டுமே இருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு கணக்கீடு தவறாக வருகிறது என்றால், அந்த வரியை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அவர் விட்டுச்சென்ற குறிப்பு ஒன்றுதான் விளக்கம் சொல்லும். லினக்ஸ் கெர்னல் திட்டத்தில் குறிப்பைக் கவனமாக எழுதும் வழக்கம் சட்டம் போலவே நடைமுறையில் இருக்கிறது. 2004 முதல் ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் பொறுப்பேற்பவரின் கையொப்ப வரி வேண்டும். ஒரு பழைய பிழையைச் சரிசெய்யும் கமிட், அந்தப் பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் அடையாள எண்ணில் குறைந்தது 12 இலக்கங்களைத் தன் குறிப்பில் சுட்ட வேண்டும்.

குறிப்பில் நேரும் பிழைகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது எழுத்துப் பிழை. இரண்டாவது பொருட்பிழை: தவறான புகார் எண், தவறான காரணம், செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொல்வது. மூன்றாவது விடுபடல்: உடன் உழைத்தவரின் பெயர் இல்லாமை, கையொப்ப வரி இல்லாமை. நான்காவது வெளியே வரக்கூடாத தகவல்: கடவுச்சொல், வாடிக்கையாளர் பெயர், அடையாள அட்டை எண். நான்குக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

மூத்த கருவிகள்: பழையதை வைத்ததும் அழித்ததும்

இத்துறையின் முதல் கருவி எனக் கருதப்படும் எஸ்சிசிஎஸ், 1972இல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் உருவாக்கியது. குறிப்பை மாற்றுவதற்கென்றே ‘சிடிசி’ என்ற தனிக் கட்டளை அந்தக் கருவித் தொகுப்பில் உண்டு. அதன் நடத்தை கவனிக்கத்தக்கது: புதிய குறிப்பை ஏற்கும், பழையதையும் அழிக்காமல், அது மாற்றப்பட்டது என்று சொல்லும் ஒரு வரியோடு கூடவே வைத்திருக்கும்.

பின்னால் வந்தவை இந்த நிதானத்தைக் கைவிட்டன. 1982இல் வால்டர் டிச்சி வெளியிட்ட ஆர்சிஎஸ், அதன்மேல் எழுந்த சிவிஎஸ் இரண்டிலும் நிர்வாகக் கட்டளை ஒன்றால் பழைய குறிப்பின் இடத்தில் புதியதை எழுதிவிடலாம். 2004இல் முதல் பதிப்பு கண்ட சப்வெர்ஷனில் குறிப்பு என்பது கமிட்டோடு ஒட்டிய ஒரு பண்பு. அந்தப் பண்புக்கு மட்டும் வரலாறு கிடையாது. மாற்றினால் பழையது போனது போனதுதான். இந்த ஆபத்தைச் சப்வெர்ஷனை உருவாக்கியவர்களும் உணர்ந்திருந்தார்கள். அதனால் இயல்பாகவே அந்த வசதியைப் பூட்டி வைத்தார்கள். களஞ்சிய நிர்வாகி தனியாக ஒரு ஹூக் நிரலை, அதாவது குறித்த செயலின்போது தானாக இயங்கும் நிரலை, வைத்தால்தான் பூட்டு திறக்கும். கவனமான நிர்வாகிகள் இன்னொரு ஹூக்கையும் வைத்து, யார் எதை மாற்றினார் என்ற மின்னஞ்சல் குழுவுக்குப் போகும்படி செய்வார்கள்.

சப்வெர்ஷன் முறைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. கமிட்டின் எண் 1, 2, 3 என்ற வரிசை எண். குறிப்பை மாற்றினாலும் 4,512ஆம் கமிட் 4,512ஆகவே நிற்கும். யாருடைய வேலையும் தடைபடாது. குறையும் அதே இடத்தில் இருக்கிறது. எண் மாறாததால் திருத்தம் நடந்ததே பிறருக்குத் தெரியாமல் போகும்.

கிட்: திருத்தினால் வேறொன்று

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய கிட் எதிர்த் திசையில் போனது. கிட்டில் கமிட்டின் அடையாள எண்ணை யாரும் கொடுப்பதில்லை. உள்ளடக்கத்திலிருந்து அது கணக்கிடப்படுகிறது. கோப்புகளின் நிலை, முந்தைய கமிட்டின் எண், எழுதியவர், பதிந்தவர், தேதிகள், குறிப்பு அனைத்தும் ஷா-1 கணக்கீட்டில் நுழைந்து 40 இலக்கப் பதினறும எண்ணாக வெளிவருகின்றன. குறிப்பில் ஒரு புள்ளியைச் சேர்த்தாலும் எண் முழுதாக மாறிவிடும். அடுத்த கமிட் இந்த எண்ணைத் தனக்குள் வைத்திருப்பதால் அதன் எண்ணும் மாறும். அதற்கு அடுத்ததும் அப்படியே. நூறு கமிட்டுக்கு முந்தைய குறிப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினால் நூற்றொரு கமிட்டுகள் புதிதாகப் பிறக்கின்றன.

ஆகவே கிட்டில் ‘திருத்தம்’ என்று நாம் சொல்வது உண்மையில் மறுபதிவு. கடைசிக் கமிட்டின் குறிப்பை மாற்ற ‘அமெண்ட்’ போதும். இன்னும் பின்னால் இருப்பதை மாற்ற ஊடாட்ட ‘ரீபேஸ்’ செய்து, உரிய வரியில் ‘ரீவேர்ட்’ என்று குறிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான குறிப்புகளை ஒரே மூச்சில் மாற்ற முன்பு ‘ஃபில்டர்-பிரான்ச்’ இருந்தது. அதில் வழுக்கும் இடங்கள் அதிகம் என்பதால் ‘ஃபில்டர்-ரெப்போ’ என்ற தனிக் கருவியைக் கிட்டின் ஆவணமே இப்போது பரிந்துரைக்கிறது. பழைய கமிட்டும் உடனே மறைந்துவிடாது. இயல்பு அமைப்பில் அதன் சுவடு சுமார் 30 நாள் உள்ளூர் ‘ரெஃப்லாக்’கில் இருக்கும். கை தவறி மாற்றியவர் அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

‘அமெண்ட்’ செய்யும்போது எழுதிய தேதி அப்படியே நிற்கும். பதிந்த தேதி மட்டும் புதிதாகும். ஒரு கமிட்டில் இரண்டு தேதி எதற்கு என்று தொடக்க மாணவர்கள் கேட்பதுண்டு. சுகாதார அமைச்சின் இறப்புக் கோப்பிலேயே அதற்கு விடை இருக்கிறது. அங்கே பொதுமக்களுக்கு அறிவித்த நாளின்படி ஓர் எண்ணிக்கை, உண்மையில் இறந்த நாளின்படி இன்னோர் எண்ணிக்கை என இரண்டு நெடுவரிசைகள் உள்ளன. ஒரு நிகழ்வு நடந்த நாளும் அது ஏட்டில் ஏறிய நாளும் வேறுவேறு. இரண்டையும் கலந்தால் கணக்கு பொய்க்கும். கிட்டும் அதனால்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது.

தன் கணினிக்குள் இருக்கும்வரை இந்த மறுபதிவால் யாருக்கும் தொல்லை இல்லை. ‘புஷ்’ செய்த பிறகு கதை வேறு. திருத்தியவர் பொதுக் களஞ்சியத்தில் வலிந்து ஏற்ற வேண்டும். மற்றவர்களின் கணினியிலோ பழைய சங்கிலி அப்படியே இருக்கும். அவர்கள் வழக்கம்போல ‘புல்’ செய்து இணைத்தால் பழையதும் புதியதும் கலந்து, ஒரே மாற்றம் வரலாற்றில் இரண்டு முறை நிற்கும். வெளியீட்டுக் குறிகளான டேகுகள் பழைய எண்ணையே சுட்டும். புகார்ப் பட்டியலில் எழுதி வைத்த எண்கள் பொருளிழக்கும். கமிட்டில் மின்கையொப்பம் இருந்தால் அதுவும் செல்லாது. மறுபடி ஒப்பமிட வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காக இத்தனை பேரை இழுத்தடிப்பது எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

கிட்டிலேயே மாற்று வழிகள் உண்டு. ‘நோட்ஸ்’ என்ற வசதியால் கமிட்டைத் தொடாமலே அதன்மேல் பின்குறிப்பு எழுதலாம், எண் மாறாது. ஆனால் இந்தப் பின்குறிப்புகள் தாமாகப் பிறர் கணினிக்குப் போவதில்லை. கிட்ஹப் தன் பக்கத்தில் அவற்றைக் காட்டுவதும் இல்லை. நல்ல வசதி பயன்பாட்டுக்கு வராமல் கிடப்பதற்கு இதுவே காரணம். பெயர்ப் பிழைக்கு ‘மெயில்மேப்’ என்ற கோப்பு இருக்கிறது. எழுத்து மாறிய பெயரையும் சரியான பெயரையும் அதில் ஒரு வரியில் எழுதினால், வரலாற்றுப் பட்டியலில் சரியான பெயரே தெரியும். பழைய கமிட் எதுவும் அசையாது.

நடுவழி கண்ட கருவிகள்

கிட்டோடு ஒரே மாதத்தில் பிறந்த மெர்க்கூரியல், 2012இல் ‘நிலை’ என்ற கருத்தைக் கொண்டுவந்தது. கமிட் வரைவு நிலையில் இருக்கும்வரை திருத்தலாம். பொதுக் களஞ்சியத்துக்குப் போனதும் அது பொது நிலைக்கு மாறும்; அதன் பிறகு ‘அமெண்ட்’ கேட்டால் கருவியே மறுத்துவிடும். கிட் பயனர்கள் கட்டுப்பாடாகக் கடைப்பிடிக்க வேண்டியதை மெர்க்கூரியல் தானே கவனித்துக்கொள்கிறது.

எஸ்கியூலைட்டை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப்பின் ஃபாசில் இன்னொரு வழியைக் காட்டுகிறது. அதில் பதிந்த கமிட்டை யாராலும் மாற்ற முடியாது. குறிப்பைத் திருத்தினால், திருத்தம் ஒரு தனிப் பதிவாகச் சேர்கிறது. பார்ப்பவருக்குப் புதிய வாசகம் தெரியும்; தேடினால் பழையதும் கிடைக்கும்; யார், எப்போது மாற்றினார் என்பதும் இருக்கும்; எண்ணும் மாறாது. சப்வெர்ஷனின் வசதியும் கிட்டின் நேர்மையும் இங்கே ஒன்றுசேர்கின்றன. எஸ்சிசிஎஸ்ஸின் பழைய நிதானம் திரும்பி வந்திருக்கிறது என்றே சொல்லலாம்.

அண்மைக் காலத்து ஜுஜுட்சு, கமிட்டின் எண்ணோடு ‘மாற்ற எண்’ என்ற இன்னோர் அடையாளத்தையும் தருகிறது. குறிப்பைத் திருத்தினால் கமிட் எண் மாறும், மாற்ற எண் மாறாது. முதன்மைக் கிளையில் சேர்ந்தவற்றை அது மாற்ற முடியாதவை எனக் கருதி, மாற்ற முயன்றால் தடுக்கும். கூகுளில் பிறந்த கெரிட் என்னும் மதிப்பீட்டுக் கருவியோ குறிப்பையும் நிரலைப் போலவே மதிப்பீட்டுக்கு உட்படுத்துகிறது. குறிப்பில் பிழை இருந்தால் சக ஊழியர் அந்த வரியிலேயே சுட்டிக்காட்டலாம். எழுதியவர் திருத்தி மறுபடி ஏற்றுவார். முந்தைய வடிவங்கள் எல்லாம் பார்வைக்கு இருக்கும். பிழையைப் பின்னால் திருத்துவதைவிட முன்னால் பிடிப்பது எளிது என்பதைச் செயலில் காட்டும் ஏற்பாடு இது.

பதிவேடுகள் சொல்லும் பாடம்

இந்தச் சிக்கல் மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. தீபகற்ப மலேசியாவில் பிறப்பு இறப்புப் பதிவு 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. குளுவாங்கிலோ சிகாமட்டிலோ தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயர் எழுத்து மாறிப் பதிவாவதும், பள்ளியில் சேர்க்கும்போதோ அடையாள அட்டை எடுக்கும்போதோ அது தெரிய வருவதும் நம் குடும்பங்கள் அறிந்த சங்கதி. அச்சட்டத்தின் 27ஆவது பிரிவு திருத்தத்தை இரண்டாகப் பிரிக்கிறது. எழுத்தர் பிழை என்றால் அதிகாரம் பெற்றவர் திருத்தலாம். பொருளில் பிழை என்றால் சத்தியப் பிரமாணம் வேண்டும். திருத்தமும் பதிவேட்டின் ஓரத்தில்தான் எழுதப்படும். மூலப் பதிவைத் தொடக் கூடாது. மென்பொருள் உலகம் ஃபாசிலில் கண்டடைந்ததைப் பதிவேட்டுச் சட்டம் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே விதியாக எழுதிவிட்டது.

யூனிகோடு தரத்திலும் இதே விதி. ஓர் எழுத்துக்குச் சூட்டிய பெயர் பிழையாக இருந்தாலும் மாற்றுவதில்லை. தமிழின் ஆய்த எழுத்துக்கு அங்கே ‘விசர்க்கம்’ என்ற பெயர் விழுந்துவிட்டது. பெயரை நம்பி எழுதிய நிரல்கள் உடையக் கூடாது என்பதால் அது அப்படியே நிற்கிறது. ஆய்தம் என்ற விளக்கம் பக்கத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் சேமித்த தொகுப்புச் சுருக்கத்தை மாற்ற முடியாது. பிழையாக எழுதியவர் மேலும் ஒரு சிறு தொகுப்பைச் செய்து அதன் சுருக்கத்தில் விளக்கம் சொல்லலாம். கூடாத தகவல் இருந்தால் நிர்வாகி அதை மறைக்கலாம். மூன்று இடங்களிலும் பொதுவான இழை ஒன்றே: பலர் கைக்குப் போன பதிவை அழிப்பதில்லை, அதன் அருகில் சரியானதைச் சேர்க்கிறார்கள்.

தமிழில் குறிப்பு எழுதுவோருக்கு

கமிட் குறிப்பைத் தமிழில் எழுதத் தடை எதுவும் இல்லை. கிட் இயல்பாகவே குறிப்பை யூடிஎஃப்-8 குறிமுறையில் வைக்கிறது. ஆனால் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வரி 50 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற வழக்கம் ஆங்கிலத்தை வைத்து வந்தது. தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறியீட்டுப் புள்ளிகளால் ஆனவை. கண்ணுக்கு 40 எழுத்தாகத் தெரியும் வரியைக் கருவி 60, 70 என்று எண்ணி எச்சரிக்கும். குழு தமிழுக்கென்று ஒரு வரம்பைத் தானே வகுத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ஒகர உயிர்மெய்யின் குறியை யூனிகோடில் ஒரே புள்ளியாகவும் எழுதலாம்; எகரக் கொம்பும் காலுமாக இரண்டு புள்ளிகளாகவும் எழுதலாம். ‘ஜொகூர்’ என்ற பெயரே இப்படி இரண்டு விதமாகப் பதிவாகக்கூடும். திரையில் வேறுபாடு தெரியாது. கிட் குறிப்பில் யூனிகோடு இயல்பாக்கம் செய்வதில்லை. வந்ததை வந்தபடியே வைக்கிறது. அதனால் ஒரு விசைப்பலகையில் அடித்த ‘ஜொகூர்’ என்ற சொல்லை இன்னொன்றில் அடித்துக் குறிப்புகளில் தேடினால் கிடைக்காமல் போகலாம். இதைப் பின்னால் திருத்தப் போனால் எண்கள் மாறும் என்பதால், பதியும்போதே இயல்பாக்கம் செய்யும் ஒரு சிறு ஹூக் நிரலை வைத்துக்கொள்வதே வழி.

அழித்தே ஆக வேண்டியவை

சேர்க்கலாம், அழிக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு. குறிப்பில் கடவுச்சொல்லோ ஒருவரின் மைகார்டு எண்ணோ புகுந்துவிட்டால் வரலாற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளில் திரட்டும் தனிநபர் தரவுகளைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், தவறானதைத் திருத்தக் கேட்கும் உரிமை அந்த நபருக்கு உண்டு என்றும் அது சொல்கிறது. 2024இல் வந்த சட்டத்திருத்தத்தின்படி, தரவுக் கசிவைத் தெரிவிக்கும் கடமை 2025 ஜூன் 1 முதல் நிறுவனங்களுக்கு உண்டு. இஸ்கந்தர் புத்ரியில் வாடிக்கையாளர் செயலி எழுதும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் கடவுச்சொல்லையும் அணுகு சாவியையும் மாற்ற வேண்டும். அதன் பிறகே வரலாற்றைத் தொட வேண்டும். ஏனென்றால் வரலாற்றைத் திருத்திய பிறகும், பிறர் எடுத்த நகல்களிலும் கிளைத்த களஞ்சியங்களிலும் பழைய கமிட் கிடைக்கக்கூடும். பழைய எண்ணை அறிந்தவர் தளத்திலேயே திறந்து பார்க்கவும் இயலும். அதனால் தளத்தை நடத்துவோரிடம் முறையிட்டு எஞ்சியதையும் நீக்கச் சொல்ல வேண்டும். குழுவினர் அனைவரும் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். வரலாற்றைத் திருத்தியதோடு கசிவு அடைபட்டுவிட்டது என்று நம்புவதே இதில் பெரிய ஆபத்து.

முடிவுரை

மேலே கண்ட பதில்களிலிருந்து ஒரு நடைமுறையை வகுக்கலாம். தன் கணினியைத் தாண்டாத குறிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். மதிப்பீட்டுக்குப் போன கிளையில், அதை எடுத்துப் பணிபுரிவோரிடம் சொல்லிவிட்டுத் திருத்தலாம். வலிந்து ஏற்றும்போது பிறர் வேலையை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளும் ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ முறையையே பயன்படுத்த வேண்டும். முதன்மைக் கிளையில் சேர்ந்துவிட்டால் எழுத்துப் பிழையை விட்டுவிட வேண்டியதுதான். பொருட்பிழையையும் விடுபட்ட பெயரையும் அடுத்த கமிட்டிலோ ‘நோட்ஸ்’ வழியாகவோ, எழுத்து மாறிய பெயரை ‘மெயில்மேப்’ வழியாகவோ சரிசெய்ய வேண்டும். பிறர் எழுதிய குறிப்பைப் பொறுப்பாளர் இணைக்கும்போது மாற்றினால், கெர்னல் திட்டத்தில் செய்வதுபோல் யார் எதை மாற்றினார் என்பதை அடைப்புக்குறிக்குள் அங்கேயே எழுத வேண்டும். தனிநபர் தகவலும் கடவுச்சொல்லும் மட்டுமே வரலாற்றை மாற்றத் தகுந்த காரணங்கள்.

கருவிகளில் ஃபாசில் இந்தக் கேள்விக்குச் சிறந்த பதிலைத் தந்திருக்கிறது என்பதே இந்த ஆய்வின் தீர்ப்பு. ஆனால் கல்லூரி ஆய்வகத்திலும் நிறுவனங்களிலும் நாம் பழகுவது கிட்டோடுதான். கிட் தடுக்காத இடத்தில் குழுவின் விதி தடுக்க வேண்டும். முதன்மைக் கிளையைப் பூட்டி வையுங்கள்; யார், எதுவரை, எப்படித் திருத்தலாம் என்பதைக் களஞ்சியத்தின் முகப்புக் கோப்பில் ஒரு பத்தியாக எழுதி வையுங்கள். கிட் கற்பிக்கும் ஆசிரியர்கள் ‘அமெண்ட்’ சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில் இந்த விதியையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும்.